கை மேல் கை

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

தலைநகரத்துக் குளிர் என்னை இன்னும் சாய்க்கவில்லை. அங்கே அண்ணனின் முழங்கால் வலியும் உங்கள் இடுப்பு வலியும் ஒன்றோடொன்று போட்டி போடாமல் ஒழுங்காக இருக்கின்றனவா?

நல்ல சேதி ஒன்று. கட்சி எனக்கு நாற்காலி கொடுத்துவிட்டது. தொழிலாளர் துறை மந்திரியின் அலுவலகத்தில் உதவியாளர். இத்தனை வருடம் ஏணி மேல் ஏறிச் சுவரொட்டி ஒட்டியவனுக்கு இப்போது சுழல் நாற்காலி. முதல் நாள் யாரும் இல்லாதபோது ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். இதை அண்ணனிடம் சொல்லாதீர்கள், ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்.

அடுத்த சேதி உங்களுக்கானது. பென்ஷன் சட்டம் வருகிறது. இப்போது நிரந்தரமாக இருப்பவர்களுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற பழைய பென்ஷன் அப்படியே இருக்கும். இனிமேல் நிரந்தரமாகிறவர்களுக்கு மட்டும் வேறு திட்டம். அவர்கள் சம்பளத்தில் பிடித்ததைச் சந்தையில் போட்டு, வளர்ந்தால் வளர்ந்தபடி, தேய்ந்தால் தேய்ந்தபடி கொடுப்பார்கள். நீங்கள் ஜூலைக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறவர். உங்களை ஒரு தூசும் தொடாது.

குடிநீர் வாரியச் சங்கம் இதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மற்ற சங்கங்கள் பின்னாலேயே வரும் என்று மந்திரியிடம் சொன்னேன். அந்தச் சங்கத்தின் செயலாளர் என் அண்ணி என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சீக்கிரம் நல்ல பதில் எழுதுங்கள்.

உங்கள் அன்புக்
கொழுந்தன்


ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் அண்ணனின் முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது. வானிலை அலுவலகத்தில் வேலை கேட்கலாம் என்றிருக்கிறார். போனில் ஏன் பேசுவதில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மோட்டார் சத்தத்திலேயே காலம் தள்ளியதில் காது மந்தமாகிவிட்டது. அதோடு, போனில் நீ மேடைப் பேச்சு பேசுகிறாய். கடிதத்தில்தான் மனுஷனாக இருக்கிறாய்.

நாற்காலி கிடைத்ததில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம். பள்ளிக்கூடப் பையோடு நீ நின்ற வீட்டுக்குள் மருமகளாக வந்தவள் நான். உன் உயர்வு எனக்கு உயர்வில்லையா?

உன் சட்டத்தைப் பற்றி ஒரு சந்தேகம். பம்பு ஹவுஸில் எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். பெரிய வால்வுச் சக்கரத்தை மெதுவாகத்தான் திருப்ப வேண்டும். ஷிப்டு மாறும்போது போகிறவர் கை சக்கரத்தில் இருக்கும். வருகிறவர் அதன் மேல் தன் கையை வைத்து, "வாங்கிட்டேன்" என்று சொல்வார். அப்புறம்தான் போகிறவர் கையை எடுக்கலாம். எப்போதோ ஒருவர் பாதி திருப்பிவிட்டுச் சொல்லாமல் போய், தெருவில் குழாய் வெடித்ததிலிருந்து வந்த வழக்கம். கை மேல் கை என்போம்.

என்னிடம் சக்கரம் வாங்கப் போகிறவள் ஒரு பெண். எல்லோரும் அவளைப் புதுசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். தற்காலிக வேலை, வருடக் கடைசியில் நிரந்தரமாவாள். அதே சக்கரம், அதே ஈரம், அதே இடுப்பு வலி. பென்ஷன் மட்டும் எப்படி வேறாகும்? தேர்தலுக்கு முன்னால் நீ எங்கள் சுவரில் ஒட்டிய "எல்லோருக்கும் பென்ஷன்" இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பசை காய்ச்சியது என் அடுப்பில். அதனால்தான் உரியவில்லை போலும்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்களும் ஈரத்தில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

சுவரொட்டியைச் சொல்லிக் குத்திவிட்டீர்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது கேட்பது சுலபம். ஆட்சிக்கு வந்தால்தான் கஜானாவின் அடி தெரிகிறது. எல்லோருக்கும் பழைய பென்ஷன் என்றால் இருபது வருடம் கழித்துக் கொடுக்க என்ன இருக்கும் என்று நிதித்துறைக்காரர்கள் கேட்கிறார்கள். பொய் சொல்வதாகத் தெரியவில்லை. உள்ளதைக் காப்பாற்றிக்கொள்வதும் வெற்றிதானே?

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். அண்ணனின் முழங்கால் அறுவைச் சிகிச்சையை நீங்கள் ஓய்வு பெற்றதும் வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறீர்கள். தையல் மிஷினை மிதிக்க முடியாமல் அவர் கடையை மூடியதிலிருந்து உங்கள் சம்பளத்தில்தான் அந்த வீடு நிற்கிறது. அதையும் கொஞ்சம் நினையுங்கள். புதுசு சின்னப் பெண். அவளுக்குக் காலம் இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள்.

கொழுந்தன்


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் இல்லை. ஜலதோஷம் மட்டும்தான், அதுவும் போய்விட்டது. உன் அண்ணன் எதிர்வீட்டு வாத்தியாரோடு சதுரங்கம் ஆடித் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

நேற்று சங்கக் கூட்டம். எங்களிடம் சின்னவர்தான் முதலில் பேச வேண்டும், செயலாளர் கடைசியில். பெரியவர்கள் முதலில் வாயைத் திறந்தால் முன் ஏர் போன வழியிலேயே பின் ஏரும் போய்விடும் என்று இந்த ஏற்பாடு. நேற்று அதனால் ரொம்ப நேரம் ஆயிற்று. புதுசு எழுந்து நின்று, தனக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை என்றாள். ஆனால் ஒன்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு வயசாகறப்போ எனக்காகப் பேச யார் இருப்பாங்க? பென்ஷன் இருக்கிறவங்க எல்லாரும் அப்போ வீட்ல இருப்பீங்களே."

பிறகு பெரியவர்கள் பேசினார்கள். ஃபிட்டரைத் தெரியுமே உனக்கு, ஸ்பானர் என்று கூப்பிடுவோமே, அவர் கிடைத்ததை வாங்கிக்கொள்வோம் என்றார். அவருக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் பெரும்பாலோர் ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்க மனமில்லை என்றார்கள். கடைசியில் நானும் அதையே சொன்னேன். கையெழுத்துப் போடுவதில்லை.

தண்ணீரை நிறுத்த மாட்டோம். தண்ணீரை நிறுத்தினால் கஷ்டப்படுவது மந்திரி இல்லை, குடத்தோடு நிற்கிற ஜனங்கள்தான். அதனால் தண்ணீர் விடுவோம், மீட்டர் மட்டும் பார்க்க மாட்டோம், பில் போட மாட்டோம். போராட்டத்தை ஜனங்கள் ரசிப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும். பக்கத்துத் தெருப் பாட்டுவாத்தியார், "நிதானமா போராடுங்கம்மா, அவசரமே இல்ல" என்கிறார்.

உன் மந்திரியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட இன்று எனக்குப் பொறுமை இல்லை.

நான் பக்குவமாகச் சொன்னேன். மந்திரி பக்குவமாகக் கேட்கவில்லை. பில் வராவிட்டால் வாரியம் எத்தனை நாள் தாங்கும்? போராட்டத்தைச் சட்டவிரோதம் என்று அறிவிக்கப் போகிறார்கள். அப்படி அறிவித்தால் முன்னால் நிற்பவர்களை வேலையை விட்டு நீக்கலாம். நீக்கப்பட்டவருக்குப் பென்ஷன் கிடையாது. பாதியும் கிடையாது, கால்வாசியும் கிடையாது. வாழ்நாள் முழுக்கச் சக்கரம் சுற்றியதற்கு வெறுங்கை.

நான் கட்சிக்காரனாக எழுதவில்லை. உங்கள் சமையலறையில் வளர்ந்தவனாக எழுதுகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு வழி இருக்கிறது. நானே கேட்டு வைத்திருக்கிறேன். வேறு யாராவது செயலாளராக இருந்து போராடட்டும். நீங்கள் செய்தது போதும் அண்ணி. யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

உடனே பதில் எழுதுங்கள்.

கொழுந்தன்


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எல்லோரும் சுகம். வெயில் ஏறிவிட்டது; உன் அண்ணனின் முழங்காலுக்கு இப்போது சொல்ல வானிலைச் சேதி இல்லை.

பழைய அலமாரியைக் காலி செய்து துடைத்தேன். நீ எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பை கிடைத்தது. உள்ளே ஒரு கரப்பான் குடும்பம். கோப்பையை விளக்கி வைத்திருக்கிறேன், குடும்பத்தை வெளியேற்றிவிட்டேன். பகலில் தெருவில் இத்தனை சத்தம் இருக்கும் என்று இத்தனை நாளும் எனக்குத் தெரியாது. பால்கனிச் செடிகளுக்கு வேளைக்குத் தண்ணீர் கிடைக்கிறது. உன் அண்ணனுக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நானும் உட்கார்ந்து, நானும் தோற்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. நீ வீணாகக் கவலைப்படாதே. வேலையைப் பார்.

அண்ணி


மே 10

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கோப்பையை விளக்கி வைத்ததற்கு நன்றி. அந்தப் போட்டியில் என் எதிரிக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது என்பதை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

பகலில் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விடுப்பு எடுத்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நல்லதுதான்.

இங்கும் விசேஷம் இல்லை. என் அறையை மாற்றியிருக்கிறார்கள். இப்போது பின்கட்டில் பெரிய ஜன்னல் ஓரம். நம் ஊர் வேப்பமரம் இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு மரம் தெரிகிறது. காலையில் செய்தித்தாள்களைப் பிரித்துப் படித்து, வேண்டியதை வெட்டி ஒட்டும் வேலை. மறுபடியும் பசை! நாற்காலி சுற்றாது, தலைசுற்றலுக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கொழுந்தன்


மே 19

தம்பி,

சுகம். நீயும் சுகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்த வீட்டில் கடிதம் எழுதுவது உன் அண்ணியின் இலாகா. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் எழுதிக்கொள்ளும் அழகைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அலமாரியைத் துடைத்த கதை எழுதுகிறாள், நீ ஜன்னல் ஓர மரத்தின் கதை எழுதுகிறாய். முழுப் பூசணிக்காயை ஆளுக்கொரு சோற்றில் மறைக்கிறீர்கள்.

உன் அண்ணியையும் சங்கத்தில் இன்னும் சிலரையும் ஏப்ரல் முதல் வாரமே சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். விசாரணை முடிந்து வேலைநீக்கம் ஆனால் பென்ஷன் போச்சு. உன்னிடம் சொன்னால் நீ மந்திரியோடு மல்லுக்கட்டி வேலையை இழப்பாய் என்று அவள் சொல்லவில்லை. நான் மந்திரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "அவரா, அண்ணிக்காகப் பேசப் போய்ப் பின்கட்டுக்குப் போயிட்டாரே" என்றார்கள். ஆக, நீ ஏற்கெனவே மல்லுக்கட்டிவிட்டாய்.

அவள் வீட்டில் அலமாரி துடைப்பது மதியம்வரைதான். சாயங்காலம் ஷிப்டு மாறும் நேரத்துக்குப் பம்பு ஹவுஸ் கேட்டுக்கு வெளியே போய் நிற்கிறாள். உள்ளே விட மாட்டார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்கிறார்கள். அந்த ஸ்பானர், கிடைத்ததை வாங்கிக்கொள்வோம் என்றாரே, அவர் அவளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் செய்து கொண்டுவந்து போட்டிருக்கிறார். நான் ஒரு நாள் ஆட்டோ பிடித்துப் போய் தூரத்திலிருந்து பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை வேலை செய்கிற இடத்தில் நான் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்த்தேன், அதுவும் கேட்டுக்கு வெளியே. எனக்குக் கண் கலங்கியது. எழுதுவதில் வெட்கம் இல்லை.

கையெழுத்துப் போட்டிருந்தால் என் முழங்கால் சரியாகியிருக்கும் என்று நீ நினைப்பாய். ஆகியிருக்கும். ஆனால் நடந்து எங்கே போவது? கடைத்தெருவுக்குப் போனாலும் பம்பு ஹவுஸைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இதை எழுதியது அவளுக்குத் தெரியாது. இனி நீ மறைக்காதே.

அண்ணன்


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். அந்தக் கடிதத்தை நான் பின்கட்டில் உட்கார்ந்து பலமுறை படித்தேன். உங்கள் இடுப்பு அந்த ஸ்டூலைத் தாங்குகிறதா?

இப்போது கேளுங்கள். போன வாரம் கட்சியின் தொழிலாளர் அணிக் கூட்டம். மசோதாவை அடுத்த நாள் சபையில் வைப்பதற்கு முன் ஒப்புதல் வாங்கும் சடங்கு. எப்போதும் மந்திரி முதலில் பேசுவார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். செய்தித்தாள் கட்டோடு பின்வரிசையில் இருந்த நான் எழுந்து நின்றேன். என் அண்ணியின் சங்கத்தில் சின்னவர்தான் முதலில் பேசுவார், நாமும் இன்று ஒரு நாள் அப்படிச் செய்து பார்க்கலாமா என்றேன். சிரித்தார்கள். ஆனால் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய கட்சித் தலைவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "சரி, யார் சின்னவங்க?" என்று கேட்டார்.

எல்லோரையும்விடச் சின்னவள், நிகழ்ச்சிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த தட்டச்சுப் பெண். துறையில் தற்காலிக வேலை, கட்சியில் உறுப்பினர். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"எலெக்‌ஷன்ல நானும்தான் அந்தப் போஸ்டர் ஒட்டினேன். எல்லோருக்கும்னு போட்டிருந்துச்சு. அந்த எல்லோர்ல நான் இருக்கேனா, இல்லையா?"

அடுத்த சின்னவர் தனக்கும் அதே கேள்வி என்றார். அதற்கடுத்தவர் தன் மகனுக்காகக் கேட்டார். வரிசை மந்திரியிடம் வந்தபோது அவர் கொண்டுவந்த பேச்சு அப்படியே மடியில் இருந்தது. அண்ணி, நான் எத்தனையோ மேடைகள் பார்த்தவன். ஒரு கூட்டம் இப்படித் திரும்பியதை நான் பார்த்ததில்லை. அங்கே இல்லாமலே அதைத் திருப்பியது நீங்கள்.

மசோதா திருத்தப்பட்டுவிட்டது. பிடித்தம் எல்லோருக்கும் கொஞ்சம் கூடும். ஆனால் பழையவர், புதியவர் எல்லோருக்கும் ஒரே பென்ஷன். ஒப்பந்தம் உங்கள் சங்கத்துக்கு வரும். சஸ்பெண்டு ஆனவர்கள் வேலைக்குத் திரும்பலாம். செயலாளரைத் தவிர. உங்கள் மீதான விசாரணை மட்டும் தொடரும் என்று மந்திரி ஒரு வரி சேர்த்திருக்கிறார். தோற்றவருக்கு ஒரு ஆறுதல் வேண்டுமாம்.

ஜனவரியில் கையெழுத்துப் போடுங்கள் என்று எழுதியவன் இப்போது எழுதுகிறேன்: போடாதீர்கள். நீங்கள் போட்டுவிடுவீர்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கொழுந்தன்


ஆகஸ்டு 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். உன் அண்ணனைத் திட்டவில்லை. ஒரு வாரம் காப்பிக்குச் சர்க்கரை மட்டும் குறைத்தேன்.

நீ பயந்தது சரிதான். நான் கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தேன். சின்னவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. என் ஒருத்தியின் பென்ஷனுக்காக சஸ்பெண்டு ஆன மற்றவர்களையும் வாயிலில் நிறுத்தி வைப்பது நியாயமில்லை. விசாரணையில் என் பாட்டை நான் பார்த்துக்கொள்வேன் என்று பேச எல்லாவற்றையும் மனசுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். ஆனால் செயலாளர் கடைசியில்தானே பேச வேண்டும்? முதலில் புதுசு எழுந்தாள்.

"பென்ஷன் வேணாம்னு சொல்லல, எனக்கு வேணும். ஆனா சக்கரத்தை நான் அக்கா கையிலேர்ந்துதான் வாங்குவேன். கேட்டுக்கு வெளிய இருந்து எப்படி வாங்கறது?"

அப்புறம் ஒவ்வொருவராக அதையேதான் சொன்னார்கள். ஸ்பானர் தன் முறை வந்ததும், மார்ச்சில் பேசியது அவருடைய பயம் என்றும் இன்று பேசுவது அவர் என்றும் சொன்னார். என் முறை வந்தபோது நானும் உன் மந்திரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் நான் கட்டிக் காத்த வழக்கம் என் வாயையே கட்டிவிட்டது. எனக்கு அழுகை வந்தது தம்பி. தூசி விழுந்துவிட்டது என்றேன். தண்ணீர் வாரியத்தில் ஏது தூசி என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கையெழுத்துப் போடாமல் மேலும் மூன்று வாரம் பில்லை நிறுத்தி வைத்தோம். நான்காவது வாரம் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். அதற்கு நீ அங்கே யார் யார் கதவைத் தட்டினாய் என்று எழுத மாட்டாய். நானும் கேட்க மாட்டேன். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். பேச்சுப் போட்டியில் எதிரிக்குத் தொண்டை கட்டாமலே நீ ஜெயித்துவிட்டாய்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நானும் வேலைக்குத் திரும்பினேன். ஜூலைக் கடைசி நாள் என் கடைசி ஷிப்டு. உன் அண்ணனையும் உள்ளே விட்டார்கள். ஸ்பானர் செய்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். முழங்காலுக்கு நாள் குறித்தாயிற்று. நடக்கத் தொடங்கியதும் முதலில் பம்பு ஹவுஸ்வரைதான் நடப்பாராம்.

ஷிப்டு முடிந்ததும் என் கை சக்கரத்தில் இருந்தது. புதுசு வந்து அதன் மேல் தன் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன், எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சொல்லேன்டி" என்றேன்.

"சொன்னா போயிடுவீங்க."

"போனாத்தான்டி பென்ஷன். அதுக்குத்தானே இவ்வளவும்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மோட்டார் சத்தத்தையும் மீறி, என் மந்தக் காதுக்கும் கேட்கும்படி, "வாங்கிட்டேன் அக்கா" என்றாள். நான் கையை எடுத்தேன். குழாயின் அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்தேன். அது அசையவே இல்லை.

லீவு கிடைத்தால் வந்து போ. உன் கோப்பையை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்
அண்ணி